டாக்ஸ்ட்ரிங் இல்லையென்றால் பில்டு ஏன் நிற்கிறது?

நிரல் சரியாக ஓடுகிறது, டெஸ்ட்கள் எல்லாம் தேறிவிட்டன. ஆனாலும் பில்டு, அதாவது நிரலைத் தானாகச் சோதித்துத் தொகுக்கும் ஓட்டம், தோல்வி என்று சிவப்பில் நிற்கிறது. காரணம், ஏதோ ஒரு ஃபங்ஷனில் டாக்ஸ்ட்ரிங் (அது என்ன செய்கிறது என்று தொடக்கத்தில் எழுதும் விளக்கம்) இல்லை. பைத்தானுக்கான பைலின்ட் கருவியை இயல்பு அமைப்பிலேயே விட்டுவைத்தால் இதுதான் நடக்கும்.

பைலின்ட் ஒரு லின்டர், அதாவது நிரலில் குறை தேடும் கருவி. லின்டர் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. படித்து, இலக்கண மரமாகப் பிரித்து, கணுவுக்குக் கணு விதிகளைப் பொருத்திப் பார்க்கிறது. மரத்தில் வடிவம் தெரியும், எழுதியவரின் நோக்கம் தெரியாது. பொது மெத்தட் இரண்டுகூட இல்லாத கிளாஸையும், ஆர்க்யுமென்ட் 5-ஐத் தாண்டிய ஃபங்ஷனையும், 100 எழுத்தை மீறிய வரியையும் அது குறை சொல்வது வெறும் எண்ணிக்கையை வைத்துத்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. பிழை ஒவ்வொன்றுக்கும் 5 பங்கு. எச்சரிக்கை, மறுசீரமைப்பு, எழுத்துநடை மூன்றுக்கும் தலா 1 பங்கு. இவற்றின் கூட்டுத்தொகையை நிரலிலுள்ள கூற்றுகளின் (ஸ்டேட்மென்ட்) எண்ணிக்கையால் வகுத்து, 10-ஆல் பெருக்கி, 10-இலிருந்து கழிக்கிறது பைலின்ட். தேர்ச்சிக்கு வேண்டியதும் இயல்பில் முழு 10! ஒரே ஒரு டாக்ஸ்ட்ரிங் விட்டுப்போனாலும் தேறாது. அது எழுத்துநடைக் குறை என்பதால் பைலின்ட் 16 என்ற எண்ணோடு வெளியேறும். பிழை என்றால் 2, எச்சரிக்கை என்றால் 4. பில்டு சர்வர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 0 இல்லாத எதுவும் அதற்குத் தோல்விதான்.

தீர்வு: தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறிக்கும் ஃபெயில்-அண்டர் அளவை 0 ஆக்கி, எந்தக் குறைகள் வந்தால் கட்டாயம் தோல்வி என்று சொல்லும் ஃபெயில்-ஆன் பட்டியலில் பிழை, அபாயப்பிழை வகைகளை மட்டும் சேர்க்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. ஆர்க்யுமென்ட்டின் இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட் கொடுப்பது எச்சரிக்கை வகையில் வருகிறது. அந்த லிஸ்ட் ஒருமுறைதான் உருவாகிறது. முந்தைய அழைப்பில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். அசல் வழுவே இதுதான். எனவே இந்த விதியைப் பெயர் சொல்லி ஃபெயில்-ஆன் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். வரி நீளம், இடைவெளி போன்றவற்றை, நிரலின் தோற்றத்தைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிட்டு லின்டரில் அணைத்துவிடலாம்.

நிரலுக்குள்ளேயே கமென்ட் எழுதியும் ஒரு விதியை அணைக்கலாம். அதை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சாதாரண நிரல்வரியின் கடைசியில் இருந்தால் அந்த வரிக்கு மட்டும். கோப்பின் தொடக்கத்தில் தனி வரியில் இருந்தால் கோப்பு முழுவதற்கும். பின்னாளில் நிரல் மாறி, கமென்ட் தேவையற்றுப் போனாலும் பைலின்ட் தானாகச் சொல்லாது. அதைக் காட்டும் தகவல் விதி இயல்பில் அணைந்தே இருக்கிறது.