தகரத்துக்கு அஞ்சி மறைத்த காய்ச்சல்

கொரோனா காலத்தில் மக்கள் சொன்னபடி கேட்கவில்லை என்று இன்றும் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். படிப்பறிவு இல்லை, அலட்சியம் என்று காரணமும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். முதல் இரண்டு அலைகளிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்த்தவள் நான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. செய்தால் எதை இழக்க நேரும் என்பதும் தெரிந்திருந்தது.

2020-இல் சென்னையில் தொற்று உறுதியானவர்களின் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவே வேடிக்கை பார்க்க ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். அந்த ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. மருத்துவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன நடக்கும் என்று சாமானியர் யோசிக்க மாட்டாரா?

காய்ச்சல் முகாமுக்கு, உடல் சூடு தெரியாமலிருக்கப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, "தலைக்குக் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர், இரண்டு நாளாக உடம்பு வலி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 88. மகனைத் தனியே விசாரித்தபோது, காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் ஆகிவிட்டது என்றான். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றதும் அந்த அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "வீட்டுக்குத் தகரம் அடிப்பார்களா? பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

கொரோனாவில் நாள் கணக்கு உயிர் காக்கும் கணக்கு. பலருக்கு முதல் வாரம் சாதாரணக் காய்ச்சலாகவே போகும். அதற்குப் பிறகுதான் நுரையீரல் மோசமாகும். மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. ஸ்டீராய்டு மருந்து ஆக்சிஜன் தேவைப்படுகிற கட்டத்தில் உயிரைக் காக்கும். அதற்கு முன்பே கொடுத்தால் பயன் இல்லை, கெடுதலும் நேரலாம். காய்ச்சல் தொடங்கிய நாளை நோயாளி மாற்றிச் சொன்னால் மருத்துவரின் கணக்கும் தவறும்.

முகக்கவசம் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். போலீஸைக் கண்டதும் மூக்குக்கு ஏறிய முகக்கவசம், அவர்களைத் தாண்டியதும் தாடைக்கு இறங்கியது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் 'தனி அறையில் இருங்கள்' என்ற அறிவுரையை எந்த அபராதத்தாலும் நிறைவேற்ற முடியாது. பலன் தந்தது வேறு. தனிமையில் இருந்தவர்களுக்குப் பாலும் மளிகையும் வாங்கிக்கொடுக்கச் சென்னை மாநகராட்சி தன்னார்வலர்களை நியமித்தது. எங்கள் செவிலியர் தினமும் மாலையில் பெயர் சொல்லி அழைத்து, "ஆக்சிஜன் இன்று எவ்வளவு காட்டுகிறது?" என்று விசாரித்த வீடுகளில், அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்களே எங்களைக் கூப்பிட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர வீடுகளில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். அதற்குள் எத்தனையோ பேர் ஒளிந்து பழகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்றாவது நாள் காய்ச்சலை 'நேற்றுதான்' என்கிறார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாட்களில்தான் ஆபத்து அதிகம். அதனால் எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்பதை எங்களிடம் உள்ளபடியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் தொற்று என்று தெரிந்தால் ஜன்னலில் நின்று பார்க்காமல், ஒரு பால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போன் செய்து சொல்லுங்கள்.