உணவுக்குழாய்ச் சுவரில் கட்டி: எண்டோ அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் நோயாளிக்கு உள்ள உரிமைகள்

எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்க்குள் ஒரு மேடு தெரிந்தது, பயாப்சி 'நார்மல்' என்று வந்துவிட்டது. சரி, ஒன்றுமில்லை என்று ஃபைலை மூடிவிடாதீர்கள். கட்டி சவ்வுக்கு அடியில் இருந்தால், பயாப்சி இடுக்கி மேலே உள்ள நல்ல சவ்வை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்துவிடும். அடுத்து என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. உலக மருத்துவச் சங்கத்தின் 1981 லிஸ்பன் பிரகடனம் இதைத்தான் சொல்கிறது: நோயாளிக்குப் புரியும்படி விவரம் சொல்ல வேண்டும்; சம்மதிப்பதும் மறுப்பதும் அவர் முடிவு; எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். இது சட்டமல்ல, மருத்துவர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட நெறி.

சவ்வுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க உதவுவது எண்டோ அல்ட்ராசவுண்ட். இதில் ஒலியலை ஸ்கேன் கருவி எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே இருக்கும். உணவுக்குழாயின் சுவர் வெள்ளை, கறுப்பு என மாறி மாறி ஐந்து அடுக்குகளாகத் திரையில் விரியும். கட்டி எந்த அடுக்கில் முளைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நான்காவது, அதாவது தசை அடுக்கிலிருந்து சீரான கறுப்பாகப் புடைத்தால் பெரும்பாலும் லியோமயோமா, புற்றுநோயல்லாத தசைக்கட்டி. மூன்றாவது அடுக்கில் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் கொழுப்புக்கட்டி. சில சமயம் சுவரில் கட்டியே இருக்காது, பக்கத்து ரத்தக்குழாய் அழுத்தியதால் வந்த மேடாக இருக்கும்.

ஊசி போட்டுத் திசு எடுப்பார்களா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட்டால் ஊசிக்கும் சம்மதம் என்று ஆகிவிடக் கூடாது. லியோமயோமாவும் புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் என்ற வேறு வகைக் கட்டியும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியலாம், அப்போது திசு தேவைப்படும். ஆனால் நீர்க்கட்டியைக் குத்தினால் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

அப்புறம் ரிப்போர்ட். பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த அடுக்கு, எத்தனை மில்லிமீட்டர், ஓரம் சீராக இருக்கிறதா, நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா, இவை நான்கும் படங்களோடு இருக்க வேண்டும். 'சவ்வுக்கு அடியில் கட்டி' என்று ஒரே வரியில் முடித்திருந்தால், விவரம் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். சிறிய கட்டிகளைப் பெரும்பாலும் உடனே வெட்டுவதில்லை, சில காலம் கழித்து மறுபடி அளந்துதான் பார்ப்பார்கள். முதல் அளவு எழுதப்படவில்லை என்றால் மறுபடி அளக்கும்போது கட்டி வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.