நன்கொடையாளர் அல்ல, புரவலர்

ரசிகர்கள் கலைஞர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் பேட்ரியான் இணையதளம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் 'நன்கொடையாளர்' என்ற சொல்லை இந்த மாதம் மட்டும் மூன்று முறை படித்துவிட்டேன். பிடித்த கலைஞருக்கு மாதாமாதம் பணம் தரும் ரசிகரைத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அவர் பேட்ரன். நிறுவனத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

லத்தீனில் பாட்டெர் என்றால் தந்தை. அதிலிருந்து பட்ரோனுஸ், அண்டி வந்தவரைக் காப்பவர். தமிழில் புரத்தல் என்றால் காத்தல், புரப்பவர் புரவலர். வேர்ப்பொருள் வரை பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது.

சரி, நன்கொடையாளரில் என்ன பிழை? நன்கொடை என்பது கோயில் கும்பாபிஷேகத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் தருவது. கொடுத்தோம், ரசீது வாங்கினோம், முடிந்தது. ஜாக் கான்டே என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 2013-இல் கல்லூரி அறைத்தோழர் சாம் யாமுடன் சேர்ந்து பேட்ரியானைத் தொடங்கியது அதற்காக இல்லை. ஒரே ஒரு பாட்டின் வீடியோவுக்காக மாதக்கணக்கில் உழைத்து, சேமிப்பையும் கரைத்தவர் அவர். யூடியூப் விளம்பரக் காசில் அந்தச் செலவை எடுக்க வழியே இல்லை. ரசிகர்களே நேரடியாகத் தரட்டும் என்று நிறுவனம் கட்டினார். ரசிகர் தரும் பணத்தில் நிறுவனம் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது 5 விழுக்காடு. கலைஞர்களை வாழவைக்கப் பிறந்தது என்றாலும் அது அறக்கட்டளை இல்லை, தொழில் நிறுவனம். ரசிகரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை, அடுத்த பாட்டு வரவேண்டும் என்று தருகிறார். இதை நன்கொடை என்றால் கலைஞர் கையேந்துபவர் ஆகிவிடுகிறார்.

புரவலருக்கு இணைச்சொல் இரவலர் ஆயிற்றே, அதுவும் கையேந்துவதுதானே என்று கேட்பார்கள். அந்த இரவலர் எப்படிப்பட்டவர் என்று புறநானூறு 208-ஐப் பாருங்கள். அதியமான் நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் பெருஞ்சித்திரனார் வாங்க மறுக்கிறார்: 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.' என் புலமையை அறிந்து தந்தால் தினையளவு போதும் என்கிறார். அதனால்தான் 'அரசர்களுக்கு உரிய சொல்லை மூன்று டாலர் தருபவருக்குச் சூட்டலாமா' என்ற ஆட்சேபமும் எனக்கு ஏற்பில்லை. அளவு பெரிதில்லை, கலையை அறிந்து தருவதுதான் பெரிது. அப்புறம், 1000 ரூபாய் கட்டியவரை நம் ஊர் நூலகங்கள் புரவலர் என்று பலகையில் எழுதி வைக்கவில்லையா? அங்கே யாரும் அரசரைத் தேடுவதில்லை.

'ஆதரவாளர்' என்பதும் உதவாது. அது கட்சிக்காரர்களிடம் போய் வெகுநாள் ஆகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். படைப்பாளி என்ற அருமையான சொல் இருக்க, 'உள்ளடக்க உருவாக்குநர்' என்று எழுதுவதும் இதே அவசரம். மாதாமாதம் தருகிறார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டுமா? 'மாதப் புரவலர்' என்று எழுதுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.