'பரவாயில்லை டாக்டர்'

ஒரு வியாழக்கிழமை ஓபி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் சிஸ்டர் வந்து தன் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பிறை பிறையாக நான்கு நகத்தடங்கள். "அந்த வியாசர்பாடி அம்மா பிடிச்சது டாக்டர்."

அந்த அம்மாவுக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆனபின் உள்பாவாடையில் ரத்தக்கறை பட்டதால் வந்தவர். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. ஹிஸ்டெரோஸ்கோபி செய்தேன், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்ததும், "வலிக்கு பத்துக்கு எவ்வளவும்மா மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன். "நாலு போடுங்க, பரவாயில்லை டாக்டர்." நானும் 4 என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அதே அம்மா வெளியே சிஸ்டரிடம் சொன்ன மார்க் எட்டு. குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் உடை மாற்றும் இடத்திலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாராம். ரிப்போர்ட் வாங்க வந்த அன்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "எட்டு இல்லம்மா, ஒம்போது. நீங்க அவ்ளோ நல்லா பேசுறீங்க, எப்பிடிச் சொல்றது?" என்றார்.

குழாயைக் கையில் பிடித்திருப்பவரே வலி எவ்வளவு என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். இப்போது எங்கள் இடத்தில் மார்க் கேட்பது சிஸ்டர் மட்டும்தான். அதுவும் நான் அறையில் இல்லாதபோது.

1869-இல் பான்டலியோனி என்ற மருத்துவர் முதன்முதலில் இப்படிக் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்ததும், மாதவிடாய் நின்றபின் ரத்தம் போன 60 வயதுப் பெண்ணைத்தான். இன்றும் ஹிஸ்டெரோஸ்கோபி செய்ய அது ஒரு முக்கியக் காரணம். அதோடு அதிக உதிரப்போக்கு, குழந்தையின்மை, திரும்பத் திரும்பக் கருக்கலைதல், நூல் தட்டுப்படாத காப்பர்-டி. மயக்க மருந்து இல்லாமல் ஓபியிலேயே முடித்து அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்பது இதன் பெரிய வசதி. பலருக்கு மாதவிலக்கு வலி போல ஓர் இழுப்போடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் ஒரு சிலருக்கு வலி பொறுக்க முடியாததாக இருக்கிறது. இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றி நாங்கள் முன்கூட்டியே சொல்வதில்லை. சொன்னால் பயந்து வராமல் போய்விடுவார்கள் என்று ஒரு நினைப்பு.

வலி இரண்டு இடத்தில் வரும். குழாய் கர்ப்பப்பை வாயின் உள்பக்க இடுக்கைத் தாண்டும்போது ஒன்று. அப்புறம், காற்றுப்போன பலூன் போல ஒட்டிக்கிடக்கும் கர்ப்பப்பையை விரிக்க சலைன் விடும்போது இன்னொன்று. "வயித்தப் புடிச்சு முறுக்கிப் பிழியுற மாதிரி" என்பார்கள். சலைனை எவ்வளவு குறைந்த அழுத்தத்தில் விட்டுச் சமாளிக்கிறோமோ அவ்வளவுக்கு முறுக்கலும் குறையும்.

"பிரசவ வலியே பார்த்தாச்சு, இது என்னம்மா பெரிசு?" நானும் இதைச் சொன்னவள்தான். சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். சென்னையில் என்னிடம் வருபவர்களில் எத்தனையோ பேருக்கு எல்லாப் பிரசவமும் சிசேரியன். அவர்கள் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்ததே இல்லாமல் இருக்கலாம். குழந்தை பெறாதவர்களுக்கும் அப்படியே. மாதவிடாய் நின்றவர்களுக்கோ ஹார்மோன் குறைந்து வாய் சுருங்கி இறுகியிருக்கும். முப்பது வருடத்துக்கு முந்தைய சுகப்பிரசவம் இப்போது பெரிதாக உதவாது. மாதாமாதம் மாதவிலக்கு வலியில் சுருண்டு படுப்பவர்கள், முன்பு காப்பர்-டி போடும்போதோ உள்பரிசோதனையின்போதோ அவதிப்பட்டவர்கள், இவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். உங்களுக்கு இவற்றில் ஏதாவது பொருந்தினால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குழாய் பால்பாயின்ட் ரீஃபிள் பருமனில் இருப்பதற்கும் ஜூஸ் ஸ்ட்ரா பருமனில் இருப்பதற்கும் நோயாளிக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியைப் போடாமல், கர்ப்பப்பை வாயைக் கொக்கியால் பிடிக்காமல், சலைன் ஓட்டத்திலேயே வழி பார்த்துப் போகும் முறையை இத்தாலிய மருத்துவர் பெட்டோக்கி 1997-இலேயே எழுதிவிட்டார். பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசியும் போடலாம்; அந்த ஊசியே வலிக்கும் என்பதால் எல்லோருக்கும் போடுவதில்லை.

கதவுத் தாழ்ப்பாளும் வலி நிவாரணம்தான். திருவல்லிக்கேணியில் இன்றும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ஆண் மருத்துவர் முன் வரமுடியாத பெண்களுக்காக 1885-இல் தொடங்கியது. அந்தக் கூச்சம் இன்னும் எங்கும் போய்விடவில்லை. பாதிப் பரிசோதனையில் யாரோ ஃபைல் கேட்டுக் கதவைத் திறந்தால் அந்தப் பெண்ணின் தொடை கல்லாக இறுகும். இறுகினால் வலி ஏறும். இடுப்பை மூட ஒரு போர்வை, வயிற்றில் ஒரு ஹாட் பேக், தலைமாட்டில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க ஒரு சிஸ்டர். இதற்கெல்லாம் தனி பட்ஜெட் தேவையில்லை.

இனி நிறுத்துவது. கை தூக்கினால் குழாய் வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் ஒரே நிமிஷம்மா, பல்லக் கடிச்சுக்கோங்க" என்பது கிடையாது. குழந்தையில்லாமல் வந்த ஒரு டீச்சர் இரண்டாவது நிமிடம் கை தூக்கினார், நிறுத்தினேன். வெளியே அவர் மாமியாருக்கு முகம் சுருங்கியது: "லீவு போட்டு இவ்ளோ தூரம் வந்துட்டு..." அடுத்த மாதம் மயக்கம் கொடுத்துச் செய்தோம். உள்ளே பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தது, அப்போதே எடுத்தாயிற்று. முதல் நாளே இரண்டு வழியையும் நான் சொல்லியிருந்தால் அந்த ஒரு லீவு மிஞ்சியிருக்கும். பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களின் ராயல் கல்லூரி தரும் வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது: கடுமையாக வலிக்கலாம் என்று முன்பே சொல், மயக்க மருந்தோடு செய்யும் வழியையும் சொல், வேண்டாம் என்றால் நிறுத்து.

நீங்கள் வரும்போது, மயக்க மருந்து இல்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஸ்கேன், ஆபரேஷன் என்று குழப்பிக்கொண்டு காலையிலிருந்து பட்டினியாக, மே மாத வெயிலில் பஸ் மாறி வந்து, மேசையில் வியர்த்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை வாயைத் தொட்டாலே சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கும். அப்போது வெறும் வயிறாக இருந்தால் தலைசுற்றல் இன்னும் கூடும். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் பட்டினி வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடலாம். இப்யூபுரோஃபெனோ மெஃப்டாலோ, பின்னால் வரும் இழுப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கேட்காமல் போடாதீர்கள். மாதவிடாய் வருபவர்கள் ரத்தம் நின்ற நாலைந்து நாளுக்குள் வந்தால் உள்ளே தெளிவாகத் தெரியும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஓரிரு நாள் இழுப்பும் சொட்டு ரத்தமும் இருக்கும். காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளை, நாப்கின் நனைய நனைய ரத்தம், நாளாக ஆக ஏறும் வலி, இவற்றில் எது வந்தாலும் உடனே வாருங்கள். அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் பைக்கின் பின்னால் உட்கார வேண்டாம். வழியில் தலை சுற்றினால் பிடிமானம் இருக்காது. ஆட்டோ பிடியுங்கள்.