65 சதவீதத்தின் சூட்சுமம்

பென்சில்வேனியா நிலக்கரியைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சுரங்கக் கணக்கில் நஷ்டம் எழுதிக்கொண்டே ரயில் நிறுவனங்கள் சுரங்கங்களை வாங்கிக் குவித்தது ஏன்?"

ஆந்த்ரசைட் பள்ளிப் பாடத்தில் வருவதுதான்: கார்பன் மிகுந்த, புகை குறைந்த, கடினமான நிலக்கரி. அமெரிக்காவில் அது ஏறக்குறைய முழுவதும் வடகிழக்குப் பென்சில்வேனியாவின் சில பள்ளத்தாக்குகளில்தான் கிடைத்தது. நியூயார்க் வீடுகள் குளிர்காலத்தில் அதை நம்பியிருந்தன. மலையிலிருந்து அதை இறக்கக் கால்வாய்க்குப் பின் ரயில்தான் வழி. 1871 முதல் ரெடிங் ரயில் நிறுவனத் தலைவர் பிராங்க்ளின் கோவன் கடன் வாங்கி நிலக்கரி நிலங்களை வளைத்துப்போட்டார். 1880-இல் நிறுவனம் திவாலானது. நிலம் கைவிட்டுப் போகவில்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. ரயிலும் சுரங்கமும் ஒருவருடையவை என்றால், சரக்குக் கட்டணம் வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும் காசு. கட்டணத்தை ஏற்றினால் சொந்தச் சுரங்கத்தின் நஷ்டம் ஏட்டில் மட்டும்; பக்கத்துத் தனி முதலாளிக்கோ நிஜமாகவே வயிறு எரியும். அவரிடம் ஓர் ஒப்பந்தம் நீட்டப்படும்: நிலக்கரி முழுவதையும் எங்களிடமே விற்றுவிடு, நியூயார்க் துறைமுக விலையில் 65 சதவீதம் உனக்கு. டன் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு 2.60, மீதி 1.40 ரயிலுக்கு. வெட்டுபவர் அவர், விற்பவர்கள் இவர்கள். விலைப் போட்டிக்கு ஆளே இல்லை.

1898-இல் தனி முதலாளிகள் சொந்த ரயில் பாதை போடத் திட்டமிட்டார்கள். ரயில் நிறுவனங்கள் சின்ன இரும்பு உலை ஒன்றை வைத்திருந்த டெம்பிள் அயர்ன் என்ற நிறுவனத்தைக் கைப்பற்றி, அதன் பெயரில் அந்தத் திட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்த சுரங்கங்களை வாங்கின. பாதை காகிதத்தோடு நின்றது. சுரங்கத் தொழிலாளர்களின் 1902 வேலைநிறுத்தத்தின்போது ரெடிங் தலைவர் ஜார்ஜ் பேயர், சொத்துகளை எங்களிடம் ஒப்படைத்தவர் கடவுள் என்று கடிதம் எழுதினார். சரக்குக் கட்டணப் பட்டியலைக் கடவுள் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

எந்த ரயில் நிறுவனமும் தான் வெட்டிய சரக்கைத் தானே ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1906-இல் சட்டம் வந்தது. 1909-இல் லாக்கவானா ரயில் நிறுவனம் தன் பங்குதாரர்களையே வைத்து ஒரு நிலக்கரி நிறுவனத்தை உருவாக்கி, சுரங்க வாசலிலேயே அதற்குச் சரக்கை விற்றது. விலை? நியூயார்க் விலையில் 65 சதவீதம். உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாதென்று சொன்னது 1915-இல்.