மடானி: நகரத்தில் பிறந்த சொல்

மலேசியத் தமிழ்ச் செய்திகளைப் படிக்கிறவர் கண்ணில் ‘மடானி’ படாமல் ஒரு நாள் போகாது. மடானி அரசு, மடானி பொருளாதாரம், மடானி வரவு செலவுத் திட்டம். அன்வார் இப்ராஹிமின் அரசு தன் கொள்கைக்கு வைத்த பெயர் அது. அண்ணன் மனைவியை ‘மதனி’ என்று கூப்பிடும் ஊர்க்காரருக்குச் சிரிப்புகூட வரலாம். அந்த உறவு இதற்கு இல்லை.

வேர் அரபு. மதீனா என்றால் நகரம். மதனீ என்றால் நகரத்துக்குரிய, மதீனாவைச் சேர்ந்த. மதீனாவில் படித்துவிட்டு வரும் ஆலிம்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் ‘மதனி’யும் இதுதான். நாகரிகத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் ‘தமடுன்’ கூட இதே வேரில் முளைத்தது. நகரத்திலிருந்து நாகரிகம் வந்த அதே வழி!

அன்வார் இப்ராஹிம் 1990களிலேயே ‘மஸ்யாரகாட் மடானி’ என்று பேசியவர் (மஸ்யாரகாட் என்றால் சமூகம்). 2022 நவம்பரில் பிரதமரானார்; 2023 ஜனவரியில் மடானியை ஆறு மலாய்ச் சொற்களின் சுருக்கமாக்கி அறிவித்தார். நிலைத்தன்மை, நல்வாழ்வு, படைப்பாற்றல், மரியாதை, நம்பிக்கை, பரிவு. இதில் வேடிக்கை என்னவென்றால், மலாயில் இரண்டு சொற்கள்தான் முதல் எழுத்தைத் தருகின்றன. மற்ற நான்கிலும் எழுத்தை நடுவயிற்றிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். சொல் முதலில் வந்தது, விரிவாக்கம் அப்புறம் வந்தது என்பது என் கணக்கு.

2023 ஜூலை 27 அன்று மடானி பொருளாதாரத் திட்டம் வெளியானது. அதன் சாரத்தைக் ‘கூரையை உயர்த்து, தரையை உயர்த்து’ என்று சொன்னார்கள். கூரை என்பது நாட்டின் வளர்ச்சி, தரை என்பது அடித்தட்டு மக்களின் வாழ்வு. ‘அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி’ என்று நாம் எழுதும் கல்லுமுல்லுத் தொடரைவிட இது தெளிவு. ஔவை இதையே ‘வரப்புயர’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். அவள் கணக்கில் கோன் உயர்வது கடைசியில்தான்.

இன்னொரு பாதி சிக்கனம். அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அரசுக் கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2023இல் சட்டமே போட்டார்கள். 2022இல் 5.6 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 2024இல் 4.1 ஆனது. அந்தக் கட்டுப்பாடு சாமானியரைத் தொட்ட இடம் டீசல் பம்பு. மானியத்தை வெட்டியதும் 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ரிங்கிட் ஆனது. தகுதியுள்ளவர்களுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் ஈட்டுத்தொகை தந்தார்கள்; அதன் பெயர் ‘புடி மடானி’. புடி வேறொன்றுமில்லை, நம் ‘புத்தி’தான். மலாய்க்குப் போய் நற்குணம், நன்றி என்று குணம் மாறிவிட்டது.

சரி, மடானிக்குத் தமிழ் என்ன? வேரை மட்டும் பார்த்தால் நாகரிகம். ‘நயத்தக்க நாகரிகம்’ என்று வள்ளுவர் சொன்னது கண்ணோட்டத்தை, அதாவது பரிவை. ஆறு சொற்களில் கடைசியானது அதுதானே. ஆனால் ‘நாகரிகப் பொருளாதாரம்’ என்று எழுதினால் துணிக்கடை விளம்பரம்போல இருக்கும். மஸ்யாரகாட் மடானிக்குக் ‘குடிமைச் சமூகம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. திட்டத்தின் பெயராக வரும்போது மட்டும் மடானி என்றே விடுவேன். அரபு பார்த்து ‘மதனீ’ என்று திருத்த மாட்டேன், மலாய்க்காரர் வாயில் அது ‘ட’தான்.