காம்போசிட்: கலவையா, கூட்டா?

பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், 2022 பிப்ரவரியில் புதுச்சேரிக்குப் பறந்து வந்து கடல்மட்டச் சோதனைகளை முடித்துக்கொண்டு மார்ச் தொடக்கத்தில் திரும்பியது. அதன் உடல் எதனால் ஆனது என்று எழுத வேண்டிய இடத்தில்தான் தமிழில் எழுதுவோருக்குத் தடுமாற்றம் வருகிறது. ‘காம்போசிட்’ என்ற ஒரே சொல்லைக் கலவை, கலப்புப் பொருள், கூட்டுப்பொருள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இவற்றுள் எது பொருந்தும் என்பதை அந்தச் சொல்லின் பிறப்பும் அது குறிக்கும் பொருளின் இயல்பும் சேர்ந்தே சொல்லிவிடுகின்றன.

லத்தீனில் ‘காம்’ என்பது ‘ஒன்றாக’ என்றும் ‘பொனேரே’ என்பது ‘வைத்தல்’ என்றும் பொருள்படும். இரண்டும் இணைந்த ‘காம்பொனேரே’ என்ற வினையிலிருந்தே காம்போசிட், காம்பவுண்ட், காம்போஸ்ட் ஆகிய மூன்றும் கிளைத்தன. தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் இந்தக் குடும்பத்தைப் பெரும்பாலும் ‘கூட்டு’ என்ற சொல்லாலேயே வரவேற்றிருக்கிறார்கள்: கூட்டு வட்டி, கூட்டிலை, கூட்டுக்கண், கூட்டுச்சொல். இலங்கைத் தமிழில் காம்போஸ்ட் உரத்துக்குக் கூட்டெரு என்றே பெயர். கணக்குப் பாடத்தில் மட்டும் பாதை மாறுகிறது. அங்கே காம்போசிட் எண், பகு எண் ஆகிவிடுகிறது. கூடி ஆனது என்று லத்தீன் சொல்வதை, பிரிக்கக்கூடியது என்று மறுமுனையிலிருந்து பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அழகான பெயர்தான், ஆனால் விமானத்தின் சிறகுக்கு அதை வைக்க முடியாது.

‘கலவை’ ஏன் பொருந்தாது? பித்தளை ஓர் உலோகக்கலவை. அதில் செம்பு எது, துத்தநாகம் எது என்று கண்ணால் பிரித்துக் காண முடியாது. விமானத்துக்குப் பயன்படும் பொருளோ அப்படிப்பட்டதன்று. கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ நெய்த துணியை அச்சில் விரித்து, எபாக்ஸிப் பிசினில் ஊறவைத்து, அதன்மேல் அடுத்த துணியை விரித்து, உறை போட்டு உள்காற்றை உறிஞ்சி, இறுகவிடுகிறார்கள். இறுகிய பலகையை அறுத்து விளிம்பை உருப்பெருக்கியால் பார்த்தால் இழை இழையாகவே இருக்கும், பிசின் பிசினாகவே இருக்கும். பூசணிக் கூட்டில் பூசணித் துண்டு தன் உருவம் கெடாமல் இருக்க, பருப்பு அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது. அடுப்படி உவமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதைவிடத் துல்லியமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

துணி தனியாக இருந்தால் துவளும், பிசின் தனியாக இருந்தால் நொறுங்கும். கூடியபின் இழுவிசையை இழை தாங்குகிறது. இழையை நிலைகுலையாமல் பிடித்து, ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்குக் கடத்துவது பிசினின் வேலை. அலுமினியத் தகடு எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வலிமை உடையது. கூட்டுப்பொருளில் வலிமை எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் இழையை ஓட்டலாம்: சிறகின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்தில் இழைகள் சிறகின் நீளவாக்கிலும், முறுக்கைத் தாங்க வேண்டிய மேல்தோலில் 45 பாகைச் சாய்விலும் கிடக்கும். ‘ஒன்றாக வைத்தல்’ என்ற லத்தீன் மூலப்பொருள் இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது.

இப்பொருள் முதலில் நிலைபெற்றது இயந்திரமில்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் கிளைடரில். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மாணவர் குழு ஒன்று, பால்சா மரத்தின்மேல் கண்ணாடி இழை போர்த்தி உருவாக்கிய எஃப்எஸ்-24 பீனிக்ஸ் 1957 நவம்பரில் பறந்தது. 1975-இல் அமெரிக்காவில் பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரிஈஸி என்ற சிறு விமானம், நுரைக்கட்டியைச் சீவி அதன்மேல் இழைத்துணி ஒட்டும் முறையை வீட்டுக் கொட்டகை வரைக்கும் கொண்டு சேர்த்தது. பெங்களூர் ஆய்வகமும் ருட்டானின் லாங்-ஈஸி வடிவத்தைப் பின்பற்றி 1987-இல் ஓர் ஆய்வு விமானத்தைப் பறக்கவிட்ட பிறகே, 1993-இல் முதல் ஹன்சாவுக்கு வந்தது.

இத்தகைய சிறு விமானங்கள் பலவற்றுக்கான ‘லைட் ஸ்போர்ட்’ (இலகு விளையாட்டு) என்ற சட்டப்பிரிவு பிறந்தது 2004-இல், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதியால். இரண்டு இருக்கை, ஒரே இயந்திரம், தரையிலிருந்து எழும்போது மொத்த எடை 600 கிலோவுக்கு மிகாமை ஆகியவை அப்போது அதன் அடிப்படையாக இருந்தன. கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆள் இருவருக்கு 170 கிலோ, 100 லிட்டர் பெட்ரோலுக்கு 72 கிலோ என்று கழித்தால் மிச்சம் 358 கிலோ. இயந்திரம், சக்கரம், இருக்கை, கருவிகள், சிறகு, உடல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அலுமினியத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரு திசையிலும் வளையும் வழுவழுப்பான உடலை, ஆணி வரிசை எதுவும் இல்லாமல், எடையும் கூடாமல் செய்வதற்குக் கூட்டுப்பொருளே வாகானது. 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற முதல் மின்சார விமானமான ஸ்லோவேனியாவின் வேலிஸ் எலக்ட்ரோவும் பேட்டரியின் பாரத்தையும் சேர்த்து இதே 600 கிலோவுக்குள் நிற்கிறது.

பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பிய விதிகளில் ‘மிக இலகு’ என்ற பிரிவின் உச்ச எடை 750 கிலோ. வெறும் ‘இலகு விளையாட்டு’ப் பிரிவின் உச்சமோ 600 கிலோ. ஹன்சா சான்று பெற்றது ‘மிக இலகு’ பிரிவில். ஆகவே ஹன்சாவை ‘லைட் ஸ்போர்ட்’ என்று எழுதுவது, பேச்சுவழக்கில் பொறுத்துக்கொள்ளத்தக்கது ஆனாலும், பிழைதான்.

‘ஸ்போர்ட்’ என்பதை விளையாட்டு என்று பெயர்த்தால் பந்தயம் என்று நினைத்துவிடுவார்களே என்று சிலர் தயங்குவதுண்டு. ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளே மனமகிழ்ச்சிக்காகப் பொழுது கழித்தல் என்பதுதான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உவகை பிறக்கும் நான்கு களங்களுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. எனவே ‘கூட்டுப்பொருள் இலகு விளையாட்டு வானூர்தி’ என்று தயங்காமல் எழுதலாம். நீளம் உறுத்தினால் முதல் முறை முழுப்பெயரும் பிறகு ‘இலகு வானூர்தி’யும் போதும்.

துணைச்சொற்களில் ஃபைபருக்கு இழை, ரெசினுக்குப் பிசின் என்பவை முன்பே வழக்கில் உள்ளவை. ஃபைபர் படகு ஓட்டும் நம் கடற்கரை மீனவருக்கு இந்த இரண்டும் கைப்பழக்கமான பொருள்களே. டீலேமினேஷன் என்பதற்கு ‘அடுக்கு விடுதல்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஒட்டுப்பலகையின் ஒட்டு ‘விட்டுப்போச்சு’ என்று தச்சர் சொல்வதும் இதைத்தான். விமானப் பராமரிப்பாளர் அதைக் கண்டுபிடிக்கும் எளிய வழிகளில் ஒன்று, ஒரு நாணயத்தால் சிறகின் தோலை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவது. ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை கணீரென்று கேட்கும். அடுக்கு விட்ட இடத்தில், சந்தையில் தட்டிப் பார்த்துத் திருப்பி வைக்கும் கீறல் விழுந்த பானையைப் போல, பொத்தென்று அடங்கிவிடும்.